மாத்திரை கொடுக்கும் ஜன்னலில் கேட்ட கேள்விகள்

எச்.ஐ.வி.க்கு மருந்து தரும் ஏ.ஆர்.டி. மையத்தில் என் சிகிச்சையை விட்டுப்போகாமல் பிடித்து நிறுத்தியவர் யார் என்று கேட்டால், மாத்திரை கொடுக்கும் மருந்தாளுநர் அக்காவைத்தான் சொல்வேன். டாக்டரும் கவுன்சிலரும் நன்றாகவே பார்த்தார்கள். ஆனால் மாதாமாதம் என் டப்பாவைத் திறந்து பார்த்தவர் அவர்தான்.

எனக்குத் திருப்பூரில் பனியன் கம்பெனி வேலை. ஒரு வாரம் பகல் ஷிப்ட், மறுவாரம் ராத்திரி ஷிப்ட். அறையில் என்னோடு இன்னும் சில பையன்கள். மருந்து தினமும் ஒரே மாத்திரைதான். டெனோஃபோவிர், லாமிவுடின், டோலுடெக்ராவிர் மூன்றும் அதற்குள்ளேயே இருக்கும். கேட்பதற்கு லேசு. ஆனால் டப்பாவைக் கையில் எடுத்தாலே மாத்திரை குலுங்கும், "என்னடா அது?" என்று ஒருவன் திரும்பிப் பார்ப்பான். எச்.ஐ.வி. என்று தெரிந்தால் அந்த அறையில் இடம் இருக்குமா என்ற பயம் எனக்கு.

அக்கா மீதி மாத்திரைகளைத் தட்டில் கொட்டி ஐந்தைந்தாகத் தள்ளி எண்ணுவார். 30 மாத்திரையில் இரண்டு விட்டாலே, போட வேண்டியதில் போட்டது 95 சதவீதத்துக்குக் கீழே இறங்கிவிடும் என்பது அவர் சொல்லித்தான் தெரியும். கணக்கு இடித்தபோது அவர் திட்டவில்லை. "தம்பி, ஷிப்ட் மாறுற அன்னிக்கு எப்ப போடுறீங்க? டப்பாவை எங்க வெச்சிருக்கீங்க?" என்று மெதுவாக, பின்னால் நிற்பவர் காதில் விழாதபடி கேட்டார். இரண்டு ஷிப்டிலும் நான் விழித்திருக்கும் நேரம் சாயங்காலம் ஏழரை. அதையே முடிவு செய்தோம். ஒரு வாரத்துக்கானதை மட்டும் சின்ன டப்பியில் பஞ்சு வைத்து டிபன் பையில் போட்டுக்கொள்ளச் சொன்னார். மறந்துவிட்டால் ஞாபகம் வந்ததும் போட வேண்டும், மறுநாள் இரண்டாகச் சேர்த்துப் போடக் கூடாது என்றார்.

எண்ணிக்கை சரியாகிவிட்டது. ஆனாலும் ஆறாம் மாத வைரல் லோடு, அதாவது ரத்தத்தில் உள்ள வைரஸின் அளவு, எதிர்பார்த்த அளவுக்குக் குறையவில்லை. மாத்திரையை ஒழுங்காகப் போடுவதில்லையோ என்ற சந்தேகம்தான் முதலில் எல்லோருக்கும் வந்தது. அக்கா மட்டும், "வேற என்ன மருந்து எடுக்குறீங்க? கடையில நீங்களா வாங்குறதையும் சொல்லுங்க" என்றார். நெஞ்செரிச்சலுக்குத் தினமும் குடித்த ரோஸ் கலர் சிரப் அப்போதுதான் பேச்சில் வந்தது. அதிலுள்ள அலுமினியமும் மெக்னீசியமும் டோலுடெக்ராவிரைப் பிடித்துக்கொண்டு உடம்பில் சேரவிடாதாம். அந்த சிரப்பைக் குடித்தால் ஆறு மணி நேரம் கழித்துத்தான் மாத்திரை போட வேண்டும். மாத்திரையை முதலில் போட்டால் இரண்டு மணி நேரமாவது இடைவெளி விட்டு சிரப் குடிக்கலாம். டாக்டரிடம் சொல்லி சிரப்புக்குப் பதில் பான்டாப்ரசோல் மாற்றிக் கொடுத்தார்கள். மூன்று மாதம் கழித்து எடுத்த டெஸ்டில் வைரஸ் கண்டறிய முடியாத அளவுக்கு இறங்கியிருந்தது. ரிப்போர்ட்டைப் பார்த்து என்னைவிட அவர்தான் அதிகம் சந்தோஷப்பட்டார்.

இப்போது மூன்று மாதத்துக்குச் சேர்த்து மாத்திரை தருகிறார்கள். புதிதாக எந்த மருந்து வாங்குவதானாலும் முதலில் மையத்துக்கு போன் செய்து அவரிடம் கேட்டுவிடுகிறேன். புதிதாக ஆரம்பிப்பவர்கள் இரும்புச்சத்து, கால்சியம், சர்க்கரை மாத்திரை, நாட்டு மருந்து என்று எதையும் விடாமல் மருந்தாளுநரிடம் சொல்லிவிடுங்கள். காசநோய் மருந்தும் சேர்ந்தால் டோலுடெக்ராவிரின் அளவே மாறும். பக்கத்தில் மையம் எங்கே என்று தெரியாதவர்கள் 1097க்கு அழைக்கலாம், கட்டணம் கிடையாது.