முள்முறுக்கு

வேலைக்கான மருத்துவப் பரிசோதனைப் படிவத்தில் நான் எழுதியது பொய்யில்லை. "இரு கைகளிலும் நடுக்கம், காரணம் தெரியவில்லை, மேல்பரிசோதனை தேவை." பெங்களூர் பீனியா தொழிற்பேட்டையில் உருப்பெருக்கியின் கீழே ஈயப் பற்றவைப்பு வேலை அது. நடுங்கும் கைக்குத் தகுதிச் சான்று கொடுத்திருந்தால் அதுதான் பொய். இதை எனக்கு நானே பல தடவை சொல்லிக்கொண்டாகிவிட்டது.

பையனுக்கு 23 வயது, தருமபுரிப் பக்கம். நீட்டிய விரல்கள்மேல் ஒரு தாளை வைத்தேன், படபடத்தது. நாடித்துடிப்பு 104. தைராய்டு அதிகம் சுரந்தாலும் இப்படி இருக்கும், வேலை கிடைக்காதோ என்ற பயத்திலும் இப்படி இருக்கும். ஆஸ்துமா மருந்து, வலிப்பு மாத்திரை என்று வரிசையாகக் கேட்டேன். எதுவும் இல்லை. மடியில் வைத்த கை சும்மா கிடந்தது. பேனாவை எடுத்தால்தான் ஆட்டம். சுருள் வரையச் சொன்னால் முள்முறுக்கு வந்தது.

"வீட்டில் வேறு யாருக்காவது?"

"அப்பாவுக்கு இருந்தது சார். ஒரு குவார்ட்டர் உள்ளே போனால் கை கல் மாதிரி நின்றுவிடும்."

"நீயும் குடிப்பாயா தம்பி?"

முகம் சுருங்கிவிட்டது. "இல்லை சார்" என்றான். சற்றுக் கழித்து, "இதை எழுதாமல் விட முடியாதா?"

யஷ்வந்த்பூர் நெரிசலில் பஸ் நின்றபோதுதான் உறைத்தது. எசென்ஷியல் ட்ரெமர் என்ற நடுக்கம் பெரும்பாலும் குடும்பத்தில் வரும், கொஞ்சம் மதுவில் அடங்கும். தேர்வுக்கு நான் மனப்பாடம் செய்த வரி. அதையே அவன் தமிழில் சொன்னான். என் காதில் குடிகாரன் மகன் என்று விழுந்தது. குடித்துக் குடித்துக் கை நடுங்குகிறது என்று ஊர் பேசிய மனிதர், நடுக்கத்துக்காகக் குடித்தவராக இருந்திருக்கலாம். இருக்கலாம், அவ்வளவுதான். மொடாக்குடியருக்கும் காலை நடுக்கம் குவார்ட்டரில்தான் நிற்கும்.

சரி, அப்போதே புரிந்திருந்தால் மட்டும் என்ன? நடுக்கத்தைக் குறைக்கும் புரோப்ரனலால் மாத்திரை கொடுத்திருப்பேன், அது எல்லோருக்கும் கேட்பதில்லை. இந்த வயதில் வில்சன் நோய் இல்லை என்றும் உறுதிசெய்ய வேண்டும். ஈரலிலும் மூளையிலும் செம்பு படியும் நோய். 1912இல் வில்சன் விவரித்தபோது சாவில் முடிந்தது. இன்று காலத்தோடு கண்டால் மாத்திரையில் கட்டுப்படும். கருவிழி ஓரத்தில் பழுப்பு வளையம் இருக்கிறதா என்று கண் மருத்துவர் பார்க்க வேண்டும், ரத்தத்தில் செம்பைச் சுமக்கும் புரதமான செருலோபிளாஸ்மின் அளவு பார்க்க வேண்டும். "மேல்பரிசோதனை" என்ற ஒற்றைச் சொல்லுக்குள் இத்தனையும் இருந்தது. அதை நான் அவனிடம் சொல்லவில்லை, படிவத்திடம் சொன்னேன்.

அடுத்த வாரம் விசாரித்தேன். "வேறு ஆள் எடுத்துவிட்டோம் டாக்டர்" என்றார்கள்.

அவன் எண் என்னிடம் இருக்கிறது. இரண்டு முறை போனைக் கையில் எடுத்து வைத்துவிட்டேன். செத்துப்போன உன் அப்பா குடிகாரராக இல்லாமலும் இருந்திருக்கலாம் என்று முன்பின் தெரியாதவன் எப்படிச் சொல்வது? சொல்ல வேண்டியது அதுவல்ல, ரத்தப் பரிசோதனையைத்தான் என்பதும் எனக்குத் தெரியும்.