பாறைக்குள் ஓடிய நீரைத் தேடுகிறவர்களுக்கு

என் முதுநிலை ஆய்வேட்டுக்குக் கிடைத்தவை கிரீஸின் சைரோஸ் தீவிலிருந்து வந்த நீலப் பாறைகள். கடலடித் தட்டோடு அமிழ்ந்து, ஆழத்தின் அழுத்தத்தில் உருமாறி, மறுபடி மேலே வந்தவை. அதில் ஒரு துண்டு இன்னும் என் மேசையில் இருக்கிறது. கருநீலத்துக்கு நடுவே வெள்ளை வெள்ளையாகச் சாய்சதுரங்கள். ஒரு காலத்தில் அவை லாசோனைட். அந்தக் கனிமத்தின் எடையில் சுமார் 11.5 விழுக்காடு நீர்தான். நீர் போய்விட்டது, வடிவம் மட்டும் நின்றுவிட்டது. உள்ளே இப்போது எபிடோட்டும் வெண்மைக்காவும் இருக்கின்றன. போன நீர் எது, பிறகு வந்த நீர் எது என்று கனிம வேதியியலை வைத்துப் பிரிப்பதுதான் வேலை.

இந்த வேலைக்கு வருகிறவர்களிடம் முதலில் சொல்ல விரும்புவது: எண்களை அளந்து எடுப்பதற்கு முன்னால், கனிமத்தின் எந்தப் பகுதி எப்போது வளர்ந்தது என்று பாருங்கள். நான் பார்க்கவில்லை. பெங்கைட் என்னும் வெண்மைக்காவில் நாற்பது புள்ளிகள் அளந்து சராசரி போட்டு அட்டவணையோடு போய் நின்றேன். பேரியம் புள்ளிக்குப் புள்ளி தாவியது. என் வழிகாட்டி அட்டவணையைத் தொடவே இல்லை. "படம் எங்கேம்மா?" என்றார்.

எலக்ட்ரான் கற்றையைப் பாய்ச்சிக் கனிமத்தின் வேதியியலை அளக்கும் மைக்ரோபுரோபில் உட்கார்ந்து, திரும்பிச் சிதறும் எலக்ட்ரான்களைக் கொண்டு பி.எஸ்.இ. படம் எடுத்தேன். கனமான தனிமம் இருக்கும் இடம் அதில் வெளிச்சமாகத் தெரியும். ஒவ்வொரு மைக்காத் தகட்டிலும் மங்கலான நடுப்பகுதி, அதைச் சுற்றிச் சேலைக்கரை போல மெல்லிய வெளிச்சம். நடுவில் சிலிக்கான் கனிம வாய்பாடு ஒன்றுக்கு 3.4 அணுவுக்கு மேல். அழுத்தம் கூடினால் இந்த எண்ணும் கூடும், அதாவது அது ஆழத்தில் வளர்ந்தது. கரையில் சிலிக்கான் குறைவு, பேரியம் அதிகம். மேலே ஏறி வரும் வழியில், பேரியம் சுமந்த நீர் வந்தபோது வளர்ந்த கரை அது. நான் தேடிய நீரின் தடமே அந்தக் கரைதான். சராசரி போட்டு அதை நானே அழித்திருந்தேன்.

மைக்காவை அளக்கும்போது கற்றையைக் குவிக்காதீர்கள். ஒரு மைக்ரானுக்குக் குவித்தால் சோடியமும் பொட்டாசியமும் நகர்ந்துவிடும். 5 மைக்ரானுக்கு விரித்து, மின்னோட்டத்தைக் குறைத்து வையுங்கள். அளந்த ஆக்சைடுகளின் மொத்தம் 95 விழுக்காட்டை ஒட்டி வந்தால் பயம் வேண்டாம், மீதி இக்கருவி அளக்காத நீர். கனிமத்தைச் சுட்டு ஆவியாக்கி அளக்கும் லேசரைக் கடைசியில் வைத்துக்கொள்ளுங்கள். அதன் குழி 30 முதல் 50 மைக்ரான், கரையோ பத்து மைக்ரான்கூட இருக்காது. படமில்லாமல் சுட்டால் கிடைப்பது கலவைதான்.

வைவாவில் கட்டாயம் வரும் கேள்வி: "இந்த நீர் பாறையின் சொந்த நீரா, வெளியிலிருந்து வந்ததா?" பேரியம் மட்டும் இதற்குப் போதாது, போரான் ஐசோடோப்பும் வேண்டும். நீர் வெளியேறும்போது கனமான போரான்-11 அதோடு போக விரும்பும், பாறையில் இலேசானது தங்கும். போரான்-11, போரான்-10 விகிதம் ஒரு தரநிலையிலிருந்து ஆயிரத்துக்கு எவ்வளவு விலகுகிறது என்பதே இங்கே மதிப்பு. கடல்நீருக்கு அது ஏறத்தாழ ஆயிரத்துக்கு +40. சைரோஸில், நீரேறி மாறிய மேன்டில் பாறையான செர்ப்பென்டினைட்டை ஒட்டி வளர்ந்த, டூர்மலின் என்னும் போரான் கனிமத்தில் +18-ஐத் தாண்டிய மதிப்புகள் பதிவாகியிருக்கின்றன. நீரை இழந்து காய்ந்த பாறை தன் கையிருப்பிலிருந்து இவ்வளவு கனமான போரானைத் தர முடியாது. என் பதிலை இங்கிருந்துதான் தொடங்கினேன், அந்த வெளிச்சக் கரையின் படத்தைத் திரையில் வைத்துக்கொண்டு.