மெழுகுப் பல்லுக்குப் பிறகுதான் டிரில்

யாழ்ப்பாணத்தில் பல் மருத்துவ பீடம் இல்லை. இங்கத்தைய பிள்ளைகள் பெரும்பாலும் பேராதனைக்குத்தான் போகிறார்கள். விடுமுறைக்கு ஊருக்கு வந்த இறுதியாண்டு மாணவர்கள் சிலர் என் கிளினிக்குக்கு வந்து, "சேர், இம்பிளான்ட் கையால செய்து பாக்கலாமோ?" என்று கேட்டார்கள். இம்பிளான்ட் என்றால், இல்லாத பல்லின் இடத்தில் தாடையெலும்பைத் துளைத்துத் திருகும் செயற்கை வேர்; அதன்மேல்தான் பல் பொருந்தும். மேசையில் என்றால் சரி, நோயாளியின் வாயில் இல்லை என்றேன்.

மாட்டு விலா எலும்பு வாங்கினேன். வெளியே கெட்டி, உள்ளே துவாரம் துவாரமாக இருக்கும். தாடையைத் துளைக்கும் உணர்வு ஓரளவு கைக்கு வரும். (எங்கள் வீடு சைவம். வீட்டு பிரிட்ஜில் அதற்கு இடம் கிடைக்கவில்லை.)

பிள்ளைகளுக்கு டிரில்லில்தான் கண். நான் கொடுத்தது மெழுகு. கீழ்க் கடைவாய்ப்பல் ஒன்று இல்லாத பிளாஸ்டர் மாதிரியில், எதிர்ப்பல்லோடு கடிபடும்படி முதலில் மெழுகில் பல்லைச் செய்யவேண்டும். அந்தப் பல்லின் நடுவுக்கு நேராகத்தான் இம்பிளான்ட் நிற்கவேண்டும். எலும்பு கண்ட இடத்தில் திருகிவிட்டு, மேலே பல்லை எப்படிப் பொருத்துவது என்று முழிக்கும் பழக்கம் தொடக்கத்திலேயே வரக்கூடாது.

அப்புறம் விலா எலும்பு. 2 மில்லிமீற்றர் டிரில்லில் தொடங்கிப் படிப்படியாக அகலமாக்குவது. 47 பாகை செல்சியஸ் சூடு ஒரு நிமிடம் நின்றாலே எலும்பு பாதிக்கப்படும் என்று படித்திருந்தார்கள். சூட்டைத் தணிக்க விடும் சேலைனை (உப்புநீரை) நிறுத்தி ஒருதரம் துளைக்கவிட்டேன். கருகிய மணம் வந்தது. அதற்குமேல் விளக்கம் தேவைப்படவில்லை.

"சேர், இறுகுது. அமத்தட்டோ?"

"அமத்தாதையும் தம்பி. மேல எடுத்து எடுத்து இறக்கும்."

மேசையில் எல்லாருக்கும் துளை நேராக வந்தது. பிளாஸ்டிக் தாடையை நோயாளிக் கதிரையின் தலைப்பகுதியில் பூட்டி, ரப்பர் கையுறையை வெட்டிக் கன்னமாக இழுத்துக் கட்டினதும் கதை மாறியது. கருவியின் தலை மற்றப் பற்களில் தட்டுப்பட, துளை சரிந்தது. கீழ்த்தாடையின் பின்பகுதி நாக்குப் பக்கமாகக் குழிந்திருக்கும். அந்தப் பக்கத்தால் டிரில் வெளியேறினால் நாக்குக்கு அடியில் இரத்தம் பெருகி மூச்சே அடைபடலாம். கீழே நரம்பு வேறு. அதற்கு மேல் 2 மில்லிமீற்றராவது விடவேண்டும். ஒவ்வொரு டிரில்லுக்குப் பிறகும் துளையில் கம்பியைப் போட்டு, முன்னாலும் பக்கத்தாலும் குனிந்து பார்க்கச் சொன்னேன். அலுப்பான வேலைதான். அதை ஒழுங்காகச் செய்தவர்களின் துளைதான் மெழுகுப் பல்லின் நடுவுக்கு வந்தது.

இம்பிளான்ட்டை முறுக்கி இறக்குவது சுகம். முறுக்குவிசை 35 நியூட்டன் சென்ரிமீற்றர் காட்டினதும், அதாவது எலும்பில் நன்றாக இறுகினதும், பெடியள் கைதட்டினார்கள். சிகரெட் குடிக்கிற சலரோகக்காரரின் தாடை இப்படி ஒத்துழைக்காது என்று சொல்லிவைத்தேன்.

அடுத்த விடுமுறைக்குப் பல்லே இல்லாத கீழ்த்தாடை. அதற்கு இரண்டு இம்பிளான்ட்டில் கொளுவும் கட்டுப்பல்தான் முதல் தெரிவு என்று 2002இல் கனடாவின் மக்கில் பல்கலைக்கழகத்தில் கூடிய நிபுணர்கள் சொல்லிவிட்டார்கள். கதைக்கும்போது கீழ்ச் செட் எழும்பிவிடுகிற அப்பம்மாக்கள் இங்கே தெருவுக்குத் தெரு இருக்கிறார்கள். தாடைகளுக்கு ஓடர் கொடுத்தாயிற்று.