வாக்குச்சீட்டின் அடிப்பகுதி

அமெரிக்காவில் ஜே-1 விசாவில் மேற்பயிற்சி முடிக்கும் வெளிநாட்டு மருத்துவர்கள் இரண்டாண்டுக் காலம் தாய்நாடு திரும்பியிருக்க வேண்டும் என்பது விதி. மருத்துவர் கிடைக்காத பகுதியொன்றில் மூன்றாண்டுகள் வேலை பார்க்க ஒப்புக்கொண்டால் அதிலிருந்து விலக்குப் பெறலாம். மாநிலத்துக்கு ஆண்டுக்கு 30 பேர் என்பது வரம்பு. அந்த வழியில்தான் நான் அயோவா மாநிலத்தின் வடகிழக்கு மூலையில், மக்காச்சோளமும் சோயாவும் தவிர வேறொன்றும் கண்ணுக்குத் தெரியாத நாட்டுப்புறத்தில் வேலைக்குச் சேர்ந்தேன். எங்களிடம் வந்த நோயாளிகளில் ஹோவர்ட் கவுண்டிக்காரர்கள் கணிசமானவர்கள்; கவுண்டி என்பது நம்மூர் மாவட்டம் போன்ற நிர்வாகப் பகுதி.

2020 கணக்கெடுப்பின்படி 9,500 பேர்கூட இல்லாத அந்தக் கவுண்டி, 2016 தேர்தலுக்குப் பிறகு நாடெங்கும் பேசப்பட்டது. 2012-இல் ஒபாமாவுக்கு 20 சதவீதப் புள்ளிகளுக்கு மேல் முன்னிலை தந்து, நான்கே ஆண்டுகளில் ட்ரம்புக்கும் 20 புள்ளிகளுக்கு மேல் முன்னிலை தந்தது, நாட்டிலுள்ள மூவாயிரத்துச் சொச்சம் கவுண்டிகளில் இது ஒன்றுதான். அயோவாவின் 99 கவுண்டிகளில் 31 கவுண்டிகள் ஒபாமாவை இருமுறை ஆதரித்துவிட்டு ட்ரம்பிடம் போயின என்றாலும், இவ்வளவு தூரம் புரண்டது வேறெதுவும் இல்லை. இனவெறி என்றும், பொருளாதார ஏக்கம் என்றும் வெளியூரில் இருந்தவர்கள் ஒற்றை வரியில் தீர்ப்பெழுதினார்கள். அதே மனிதர்களின் இரத்த அழுத்தத்தை அன்றாடம் பார்த்துவந்த எனக்கு அந்தத் தீர்ப்புகள் இரண்டுமே அரைகுறையாகத்தான் பட்டன.

தானியம் ஏற்றும் ஆகர் என்ற திருகு எந்திரத்தில் வலது கை விரல் இரண்டைப் பறிகொடுத்த விவசாயி ஒருவர் சர்க்கரை நோய்க்காக என்னிடம் வருவார். விதைக் கம்பெனித் தொப்பியைக் கழற்றி மடியில் வைத்துக்கொண்டுதான் பேசத் தொடங்குவார். 2008-இலும் 2012-இலும் ஒபாமாவுக்கு வாக்களித்ததாகவும், 2016-இல் ட்ரம்புக்கு வாக்களித்ததாகவும் தயக்கமின்றிச் சொன்னார். இவ்வளவு பெரிய மாற்றம் எப்படி என்று கேட்டேன். "நான் மாறவில்லை, டாக்டர். வாஷிங்டனைக் கொஞ்சம் உலுக்குங்கள் என்றுதான் மூன்று முறையும் கேட்டேன்" என்றார். அந்தப் பதிலை நான் இலேசாக எடுத்துக்கொள்ளவில்லை. பெரிய கட்சிப் பற்று இல்லாத, பிள்ளைகள் படித்து முடித்ததும் மினியாபொலிசுக்கோ டெமாயினுக்கோ போய்விடுகிற ஊர்களில், தலைநகரத்தின் வழக்கமான ஆட்களைச் சேராதவர் என்று தோன்றுகிறவருக்கே வாக்கு போகிறது. அவர் இடதா வலதா என்பது பலருக்கு இரண்டாம்பட்சம்தான்.

தாங்கள் மறக்கப்பட்டவர்கள் என்ற எண்ணம் அங்கே வெறும் புலம்பலும் அல்ல. 1970-இல் அமைதிக்கான நோபல் பரிசு பெற்ற நார்மன் போர்லாக் படித்தது ஹோவர்ட் கவுண்டியின் தலைநகரான கிரெஸ்கோவின் உயர்நிலைப் பள்ளியில். இந்தியாவின் கோதுமை விளைச்சலைப் பெருக்கிய குட்டை இரகங்களுக்கு வித்திட்டவர் அவர். உலகத்துக்குச் சோறு போட்டவர்கள் நாங்கள் என்று சொல்லிக்கொள்ள அவர்களுக்கு உரிமை உண்டு. 2018-இல் ட்ரம்ப் விதித்த வரிகளுக்குப் பதிலடியாக அமெரிக்க சோயா மீது சீனா 25 சதவீத வரி விதித்தபோது அடி விழுந்தது இத்தகைய குடும்பங்கள் மீதுதான். வாக்கு திரும்பும் என்று பலர் கணித்தார்கள். மத்திய அரசு இழப்பீடு கொடுத்தது. 2020-இல் ட்ரம்பின் முன்னிலை அங்கே இன்னும் கூடியது. "எங்களுக்காகச் சண்டை போடுகிறவர் அடி வாங்கினால் நாங்களும் கொஞ்சம் வாங்கிக்கொள்வோம்" என்பதே காத்திருப்பு அறையில் நான் கேட்ட பேச்சின் சாரம்.

என்னை அதிகம் சிந்திக்க வைத்தது வேறொன்று. எங்களுடையதைப் போன்ற சிற்றூர் மருத்துவமனைகள், 25 படுக்கைகளுக்கு மேல் இருக்கக் கூடாது என்ற நிபந்தனையோடு, முதியோருக்கான மத்திய அரசு மருத்துவக் காப்பீடான மெடிக்கேர் தரும் தனிச் சலுகையால்தான் பிழைத்திருக்கின்றன. அரசு ஒதுங்கியிருந்தால் போதும் என்று சொல்கிற நோயாளிக்கே அந்தப் பணத்தில்தான் சிகிச்சை நடக்கிறது. இதை முரண்பாடு என்று நகரத்தில் இருப்பவர்கள் கேலி செய்வதில் எனக்கு உடன்பாடில்லை. வாழ்நாள் முழுக்கச் சம்பளத்திலிருந்து பிடித்துக் கொடுத்த காசு திரும்பி வருவதாகவே அவர்கள் மெடிக்கேரைப் பார்க்கிறார்கள்; அந்தக் கணக்கில் நியாயம் இருக்கிறது.

அதைவிட முக்கியமாக, உள்ளூர் மருத்துவமனைக்கு வரி கட்ட அவர்கள் முகம் சுளிப்பதில்லை. அயோவாவில் கவுண்டிக்குச் சொந்தமான மருத்துவமனையை நடத்தும் அறங்காவலர்களை மக்களே வாக்களித்துத் தேர்ந்தெடுக்கிறார்கள். அதிபர் பதவிக்கான பெயர்கள் வாக்குச்சீட்டின் உச்சியில் கட்சி அடையாளத்தோடு இருக்கும். அறங்காவலர் பெயர்கள் அடியிலோ பின்பக்கத்திலோ, எந்தக் கட்சி அடையாளமும் இல்லாமல் இருக்கும். வாக்குரிமை இல்லாத வெளிநாட்டுக்காரனாகிய என்னிடமே நோயாளிகள் அந்த அடிப்பகுதியைப் பற்றித்தான் அதிகம் விசாரித்தார்கள்: பிரசவப் பிரிவு நீடிக்குமா, ஆம்புலன்சுக்கு ஆள் எடுப்பார்களா, போட்டியிடுகிற இன்னார் கணக்குவழக்குத் தெரிந்தவரா. வேட்பாளர் யாருடைய மகள், எந்தத் தேவாலயத்துக்குப் போகிறவர், பால் பண்ணையை எப்படி நடத்தினார் என்பதெல்லாம் அவர்களுக்கு அத்துப்படி.

2024-இலும் ஹோவர்ட் கவுண்டியில் ட்ரம்ப்தான் வென்றார். ஆனால் எங்கள் அறங்காவலர்கள் எந்தக் கட்சிக்காரர்கள் என்று அந்த விவசாயியிடம் ஒருமுறை கேட்டபோது, ஒருவரைத் தவிர மற்றவர்களைப் பற்றி அவரால் உறுதியாகச் சொல்ல முடியவில்லை.