ரொறன்ரோவில் ரோசா வளர்க்கிறவர்களுக்கு

ஊரில் ரோசாவின் ஒட்டுக் கட்டிய இடம் மண்ணுக்கு மேலே தெரியும்படி நடுவோம். ரொறன்ரோவில் அதே பழக்கத்தில் நட்டால் முதல் வின்டரிலேயே ஒட்டின கிளை பட்டுப்போகலாம். அப்படிப் பட்டுப்போனால் அடுத்த வருடம் ஒட்டுக்குக் கீழே உள்ள அடிக்கட்டையிலிருந்து வேறு இலை, வேறு பூதான் வரும். இங்கே அந்த இடம் மண்ணுக்குள் 5 முதல் 10 சென்ரிமீற்றர் ஆழத்தில் இருக்க வேண்டும்.

ரோசாவுக்கு இதமான பகல் வெப்பம் 15 முதல் 25 பாகை. யூனிலும் செப்ரெம்பரிலும் பூ அள்ளிப் பூப்பது அதனால்தான். யூலையில் 30 பாகையைத் தாண்டினால் பூ சிறுத்து நிறம் வெளிறும், இலை ஓரம் கருகும். இலையில் ஊசி குத்தினதுபோல் மஞ்சள் புள்ளிகள் தெரிந்தால் திருப்பிப் பாருங்கள். அடியில் சிலந்திப் பேன் இருக்கும். காலையில் இலையின் அடிப்பக்கத்தில் தண்ணீரை வேகமாக அடித்தாலே பெரும்பகுதி போய்விடும். வசந்தத்தில் துளிர் சிவப்பாக வருவது மட்டும் இயல்பு, அதற்கு மருந்து வேண்டாம்.

பின்னேரம் செடியை நனைப்பதை இங்கே விட்டுவிடுங்கள். 20 பாகையை ஒட்டிய இரவில் இலை ஏழு மணித்தியாலம் ஈரமாக இருந்தாலே கரும்புள்ளிப் பூஞ்சணம் பிடித்துவிடும். பிறகு இலை மஞ்சளாகிக் கொட்டும். காலையில், செடியின் அடியில் மட்டும், வாரம் ஒருமுறை ஆழமாக ஊற்றுங்கள். கடும் வெயிலில் இரண்டுமுறை. கொட்டின இலைகளைப் பொறுக்கி அகற்றாவிட்டால் நோய் அடுத்த வருடமும் வரும்.

ஓகஸ்ட் நடுவோடு நைதரசன் பசளையை நிறுத்துங்கள். அதற்குப் பிறகு போட்டால் வரும் இளந்தளிர் முற்றுவதற்குள் உறைபனியில் கருகிவிடும். நவம்பரில் இரண்டு மூன்று கடும் உறைபனி கண்டபின், அடியில் 25 முதல் 30 சென்ரிமீற்றர் உயரத்துக்கு மண் அணையுங்கள். முன்கூட்டியே அணைத்தால் மண் சூட்டில் செடி உறங்காது. உண்மையில் செடியைக் கொல்வது பெப்ரவரி, மார்ச்சில் உருகி மறுபடி உறைவதுதான்; அணைத்த மண் அதைத்தான் தடுக்கிறது. ஸ்னோ மூடிக்கிடந்தால் இன்னும் நல்லது. ஆனால் உப்புப் போட்ட பாதையிலிருந்து வழித்த ஸ்னோவைச் செடியடியில் கொட்டவே கூடாது.

ஏப்ரலில் போர்சித்தியா என்ற புதர்ச்செடி மஞ்சளாகப் பூக்கும்போது மண்ணைச் சிறிது சிறிதாக விலக்கி, தண்டைக் கத்தரியுங்கள். வெட்டின இடத்தின் நடுச்சோறு பழுப்பாக இருந்தால் இன்னும் கீழே வெட்ட வேண்டும். வெள்ளையாகத் தெரிந்தால் போதும். இவ்வளவு பாடு முடியாதவர்கள் கனடாவிலேயே குளிருக்கென்று உருவாக்கிய ஜோன் கபோட், வில்லியம் பாஃபின் வகைகளை நடலாம். அவற்றுக்கு மண் அணைக்கவும் தேவையில்லை.