நீராகாரத்தில் கிடைத்த பாக்டீரியாவை ஃப்ரீசரில் சாகாமல் காத்தது

முதுகலை புராஜெக்டுக்காக அப்பத்தா வீட்டு நீராகாரத்திலிருந்து நான்கு லேக்டிக் அமில பாக்டீரியாக்களைப் பிரித்தெடுத்தேன். பழைய சோறு ஊறிய அந்த மண்பானைத் தண்ணீரில் இவ்வளவு உயிர் இருக்கிறதே என்று பாக்டீரியா வளர்க்கும் ப்ளேட்டைப் பார்த்தபோது ஏற்பட்ட சந்தோஷத்தை இன்றும் மறக்க முடியவில்லை. மூன்றாவதுதான் எனக்கு முக்கியம். பித்த உப்பையும் அமிலத்தையும் நன்றாகத் தாங்கியது. டி.என்.ஏ. வரிசை பார்த்ததில் பிளாண்டாரம் என்ற இனம் என்று வந்தது.

ப்ரோபயாடிக், அதாவது உடலுக்கு நன்மை செய்யும் நுண்ணுயிர் என்றால் உயிரோடு இருக்க வேண்டும். செத்த பாக்டீரியாவை வைத்து மேற்கொண்டு எந்தச் சோதனையும் செய்ய முடியாது. அதனால் பின்னால் எடுத்துப் பயன்படுத்த உறையவைத்த ஸ்டாக் போட்டு வைத்தேன். 48 மணி நேரம் எம்.ஆர்.எஸ். பிராத் என்ற வளர்ப்புத் திரவத்தில் வளர்த்து, அப்படியே உறையும்போது செல்லைக் காக்கும் கிளிசராலோடு கலந்து, ஒவ்வொன்றையும் ஒரே குழாயில் ஊற்றி, லேபில் இருந்த சாதாரண ஃப்ரிட்ஜின் ஃப்ரீசரில் வைத்தேன். தேவைப்படும்போதெல்லாம் அதே குழாயை வெளியே எடுத்து, உருகவிட்டு, கொஞ்சம் எடுத்துக்கொண்டு மறுபடி உள்ளே வைப்பேன்.

மூன்று மாதம் கழித்து ப்ளேட்டில் போட்டபோது இரண்டில் சுமாராகக் காலனி (ஒரு செல் பெருகி உண்டாகும் புள்ளி) வந்தது. மூன்றாவதில் வெறும் ஏழு. நான்காவதில் எதுவுமே இல்லை. மறுநாளும் வரவில்லை. அதே பானையிலிருந்து மறுபடி பிரித்தெடுக்கலாம்தான். ஆனால் கிடைப்பது அதே ஸ்ட்ரெயின்தானா, அதாவது இனத்துக்குள்ளேயே அதே உள்வகைதானா என்று யார் சொல்வது?

எங்கள் சீனியர் அக்கா நோட்டை வாங்கிப் படித்துவிட்டு, "குளிர் கொல்லலம்மா, நீ உறைய வெச்ச விதம்தான் கொன்னுருக்கு" என்றார். அவர் சொன்னதைப் புரிந்துகொள்ள எனக்கு ஒரு வாரம் ஆனது. தண்ணீர் மட்டும் முதலில் பனிக்கட்டியாகும். மீதமிருக்கும் திரவத்தில் உப்பும் அமிலமும் செறிந்துகொண்டே போகும். செல்லுக்குள் இருக்கும் நீர் வெளியே இழுக்கப்பட்டு, சவ்வு பாதிக்கப்படும். நான் ஊற்றியதோ 48 மணி நேரம் வளர்ந்து புளித்துப்போன பிராத். அந்த அமிலத்தோடு சேர்த்தே அவற்றை உறைய வைத்திருக்கிறேன். போதாக்குறைக்கு அது தானாகவே பனி நீக்கும் ஃப்ரிட்ஜ். பனி கட்டாமல் இருக்க அது இடையிடையே சூடாகும். கிளிசரால் கலந்த ஸ்டாக் மைனஸ் 20-லேயே முழுசாக இறுகாது, இதில் இந்த ஏற்ற இறக்கம் வேறு.

சரி, மிச்சமிருந்த ஏழு காலனியிலிருந்து மறுபடி ஆரம்பித்தேன்.

இந்த முறை 16 மணி நேரம் மட்டும் வளர்த்தேன். வளர்ச்சி முடிந்து நிலைக்கட்டம் தொடங்கும் அந்த வேளையில் செல்கள் நெருக்கடிக்குத் தயாராக இருக்கும். வேகமாகப் பெருகும் இளம் செல்கள் அவ்வளவு தாங்காது. சென்ட்ரிஃபியூஜில் சுற்றி, புளித்த பிராத்தைக் கொட்டிவிட்டு, அடியில் படிந்த செல் திரளான பெல்லட்டைச் சலைனில் கழுவினேன். அப்புறம் 10 சதவீதக் கொழுப்பு நீக்கிய பாலில் கலக்கினேன். பால் புரதம் செல்லைச் சுற்றிப் போர்த்திக்கொள்ளும். இந்தப் பாலை 121 டிகிரியில் வழக்கமான நேரம் ஆட்டோகிளேவ் (அழுத்த நீராவியில் கிருமி நீக்கம்) செய்தால் பழுப்பாகிவிடுகிறது. இரண்டு பாட்டில் வீணான பிறகு 115 டிகிரி, 10 நிமிடம் என்று மாற்றினேன். செல்லைக் காக்க ட்ரிஹலோஸ் என்ற சர்க்கரை நல்லது என்பார்கள், ஆனால் விலை அதிகம். அதனால் சுக்ரோஸ் 5 சதவீதம் சேர்த்தேன். கிளிசரால் 15 சதவீதம். கிளிசராலை நேராகப் பிப்பெட்டில் இழுத்தால் பாகு மாதிரி ஒட்டிக்கொண்டு அளவு தப்பும். முதலிலேயே நீரில் பாதிக்குப் பாதி கரைத்து வைத்துக்கொள்வதுதான் சரி.

ஒவ்வொரு ஸ்ட்ரெயினுக்கும் 12 சிறு வயல் (vial, மூடி போட்ட குப்பி), ஒவ்வொன்றிலும் அரை மில்லி. ஒரு வயலை ஒரு முறைதான் உருக்க வேண்டும். அரை மணி நேரம் ஃப்ரிட்ஜில் வைத்துவிட்டு, தெர்மாகோல் பெட்டியில் அடுக்கி, பக்கத்துத் துறையின் மைனஸ் 80 ஃப்ரீசரில் வைத்தேன். தெர்மாகோல் குளிர்ச்சியை மெதுவாக இறக்கும். உறையும் வேகம் கூடினால் செல்லுக்குள்ளேயே பனிப்படிகம் உண்டாகும்.

உருக்கும்போது எதிர்மாறாக வேகம் வேண்டும். 37 டிகிரி வாட்டர் பாத்தில் இரண்டே நிமிடம். உறையவைக்கும் முன்பும், மறுநாளும், ஒரு மாதத்திலும், மூன்று மாதத்திலும் உயிருள்ள செல்களை எண்ணினேன். முதல் நாளில்தான் கொஞ்சம் சரிந்தது. அதன்பிறகு பெரிய வித்தியாசமே இல்லை. ஒரு மில்லிக்கு 100 கோடியில் தொடங்கிய மூன்றாவது ஸ்ட்ரெயின் மூன்றாம் மாதத்தில் 60 கோடிக்குப் பக்கத்தில் நின்றது. அந்த ப்ளேட்டை மேடத்திடம் காட்டும்போது என் கை நடுங்கியது.

ஒன்று சொல்லியாக வேண்டும். 24 மணி நேரத்தில் காலனி தெரியவில்லை என்று ப்ளேட்டைத் தூக்கிப் போட்டுவிடாதீர்கள். உறைந்து காயம்பட்ட செல்கள் தேறி வளர 72 மணி நேரம்கூட ஆகலாம். மறுநாளோடு நான் தூக்கிப் போட்ட நான்காவது ஸ்ட்ரெயின் ப்ளேட்டில் ஒருவேளை ஒன்றிரண்டு பிழைத்திருக்குமோ என்று இன்றும் நினைப்பேன்.

இப்போது தினசரி வேலைக்கு வயலை உருக்குவதே இல்லை. உறைந்த மேற்பரப்பை லூப் என்ற கம்பி வளையத்தால் லேசாகச் சுரண்டி ப்ளேட்டில் தேய்த்துவிட்டு, ஐஸில் வைத்திருந்த வயலை உடனே திருப்பி வைத்துவிடுகிறேன். பாதி வயல்கள் வேறொரு கட்டடத்து ஃப்ரீசரில் இருக்கின்றன, இங்கே கரன்ட் போனால் அங்கே இருக்கட்டும் என்று. அடுத்த எண்ணிக்கை டிசம்பரில்.