ஒரு தடவ குட்டி போடட்டும்னு காத்திருக்காதீங்க

எங்க வியாசர்பாடி பக்கம் பொட்ட நாய் வளக்குறவங்க கிட்ட கருத்தடை பண்ணியாச்சான்னு கேட்டா முக்காவாசி பேர் ஒரே பதில்தான் சொல்றாங்க, "பாவம்பா, ஒரு தடவையாவது குட்டி போடட்டும், அப்புறம் பாத்துக்கலாம்". பாசத்துலதான் சொல்றாங்க, ஆனா அந்த காத்திருப்புதான் நாய்க்கு ஆபத்து.

மார்ல வர்ற கட்டியவே எடுத்துக்கோங்க. 1969ல வந்த ஒரு ஆய்வுல, மொதல் ஹீட்டுக்கு, அதாவது பொட்ட நாய் இணைசேர தயாராகுற பருவத்துக்கு, முன்னாடியே ஆபரேஷன் பண்ண நாய்க்கு ஆபத்து, பண்ணாத நாயோட பாத்தா 0.5 சதவீதம்தான், ஒரு ஹீட் போனா 8, ரெண்டு போனா 26. பழைய ஆய்வு, பின்னாடி கேள்வி கேட்டவங்களும் இருக்காங்க, ஆனாலும் சீக்கிரம் பண்றது நல்லதுன்னுதான் பல டாக்டருங்க இன்னிக்கும் சொல்றாங்க.

எனக்கு அத விட பயம் கர்ப்பப்பையில சீழ் கட்டுறதுதான், பயோமெட்ரான்னு சொல்வாங்க. எங்க தெருவுல ஒரு அக்கா வீட்டு லேப்ரடார், வயசான பொண்ணு, வெச்ச தண்ணி மொத்தத்தையும் குடிச்சுட்டு பக்கெட்லயும் வாய வெக்கும், சோறு மட்டும் தொடாது. வெயிலுக்குதான்னு விட்டுட்டாங்க, அப்புறம் வால் அடியில ஈரமா நாத்தம் அடிக்கவும்தான் வேப்பேரி கால்நடை ஆஸ்பத்திரிக்கு தூக்கிட்டு ஓடுனாங்க, ஸ்கேன்ல பாத்தா கர்ப்பப்பை முழுக்க சீழ். அன்னிக்கே ஆபரேஷன் பண்ணதால பொழச்சுது. அதுக்காவது சீழ் வெளிய வந்துச்சு, சில நாய்க்கு கர்ப்பப்பை வாய் மூடிக்கிட்டு உள்ளயே தேங்கிடும், வெளிய ஒன்னும் தெரியாது, அதுதான் இன்னும் மோசம். பொதுவா ஹீட் முடிஞ்சு ஒன்னு ரெண்டு மாசத்துல வரும், கர்ப்பப்பையும் முட்டைப்பையும் எடுத்துட்டா அந்த பயமே இல்ல.

ஆம்பள நாய்க்கும் ஆபரேஷன் பண்ணி விதைய எடுத்துட்டா அதுல கேன்சர் வராது, வயசானா புராஸ்டேட் வீங்கி முக்கி முக்கி ஆய் போற அவஸ்தையும் பெருசா இருக்காது. இன்னொன்னு, தெரு நாயோட சேந்தா ஒட்டிக்கிற ஒரு கட்டி இருக்கு, அந்த எடத்துல ரத்தம் சொட்டும், வாராவாரம் கீமோ ஊசி போட்டு குணப்படுத்துறாங்க, ஆனா பாக்கவே மனசு தாங்காது. பொட்ட நாய் வாசனைக்கு கேட்ட தாண்டி குதிச்சு எண்ணூர் ஹைரோட்ல கண்டெய்னர் லாரிக்கு நடுவுல ஓடுறதும் பெரும்பாலும் கொறையும்.

கெடுதலே இல்லன்னு சொல்ல மாட்டேன். சாப்பாட்ட கொறைக்கலன்னா குண்டாயிடும், சில பொட்ட நாய்க்கு பின்னாடி மூத்திரம் ஒழுகும். ராட்வீலர், ஷெப்பர்டு மாதிரி பெரிய ஜாதிக்கு எலும்பு வளந்து முடியணும், அவசரப்பட்டா மூட்டு கெடும், அதனால வயச டாக்டர் கிட்ட கேட்டு முடிவு பண்ணுங்க. ஹீட்ல இருக்கும்போது ரத்தம் ஜாஸ்தி போகும்னு தள்ளிப்போடுவாங்க, முடிஞ்சு ரெண்டு மூணு மாசம் கழிச்சு தேதி கேளுங்க, ஆபரேஷன் அன்னிக்கு வெறும் வயித்தோட கூட்டிட்டு போங்க, தையல நக்காம இருக்க கழுத்துல கோன் மாட்டி விட்டுடுங்க, அது எவ்ளோ மொறச்சாலும் கழட்டாதீங்க.